மோட்டார் வண்டிக்கு ஒரு டர்போ



மோட்டார் இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதற்கு எனக்குள்ள தகுதி மிகச் சிறிது. நான் கலைப்பட்டதாரி, நெடுங்காலம் தமிழும் வரலாறும் கற்பித்து, இப்பொழுது ஓர் அரசினர் பாடசாலையின் அதிபராக இருப்பவன். வழியில் என் கார் நின்றுவிட்டால் இறங்கி முன்மூடியைத் திறந்து பார்ப்பேன், பார்த்தபின் மூடிவிடுவேன், அதற்குமேல் ஒன்றும் அறியேன். அத்தகைய நான் டர்போசார்ஜர் என்னும் கருவியைப் பற்றி உங்களோடு பேச முன்வந்தமைக்குக் காரணம் என் பழைய மாணவர் ஒருவரே.

அவர் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் இருமுறை தவறியவர். “உமக்கு வாய்பாடே வராது, ஏதாவது கைத்தொழிலைப் பழகும்” என்று அவருக்குச் சொன்னவனும் நானே. கைத்தொழில் என்ற சொல்லை எத்துணை அலட்சியமாகச் சொன்னேன் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும். இன்று அவர் வவுனியா மாவட்டத்தில் ஒரு கராச் நடத்துகின்றார். மூவர் அவரிடம் தொழில் பழகுகின்றனர்.

ஒருநாள் மாலை அவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஆங்கிலத் தொழில்நூல் ஒன்றின் பிரதி இருந்தது. தம்முடைய 1,500 கன சென்ரிமீற்றர் ஜப்பானியக் காருக்குத் தாமே ஒரு டர்போ பொருத்த விரும்புவதாகவும், நூலைத் தமிழில் சொல்லித்தர வேண்டுமென்றும் கேட்டார். கைத்தொலைபேசி மொழிபெயர்ப்பை முன்னரே முயன்று பார்த்திருக்கின்றார். அது ‘ரிச் மிக்சர்’ என்பதைப் பணக்காரக் கலவை என்று பெயர்த்திருந்தது. ‘நொக்’ என்னும் சொல்லுக்கு யாரோ வந்து கதவைத் தட்டுகின்றார்களாம்! நான் முறையே செறிந்த கலவை என்றும், இயந்திரத் தட்டல் என்றும் சொன்னேன். அன்று தொடங்கி, கிழமையில் மூன்று மாலைகள் நான் வாசிக்க, அவர் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதிக்கொண்டார்.

நேயர்களே, அந்த நூலில் நான் கற்ற முதற்பாடம் இது: இயந்திரத்தின் வலு பெற்றோலில் மட்டும் இல்லை, வளியிலும் இருக்கின்றது. பெற்றோலை எவ்வளவும் ஊற்றலாம். அதனை எரிக்க ஒட்சிசன் வேண்டும். நிறையளவிற் சொன்னால், ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 பங்கு வளி வேண்டும். சாதாரண இயந்திரம் தன் முசலம், அதாவது பிஸ்டன், கீழிறங்கும்போது உள்ளே ஈர்க்கக்கூடிய வளியோடு திருப்தியடைய வேண்டியதாகின்றது. மலைநாட்டிற் பிரயாணம் செய்தவர்கள் இதனை உணர்ந்திருப்பர். ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் வளியமுக்கம் கடற்கரையில் இருப்பதிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே ஏறும் பழைய பஸ் மூச்சு வாங்குவது சரிவினால் மட்டுமன்று.

இயந்திரத்தின் புகையைக் கொண்டே அதற்கு வளியை அழுத்தி ஊட்டினால் என்ன என்று எண்ணியவர் அல்பிரட் பூகி என்னும் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர். எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புகையோடு வீணே வெளியேறுகின்றது. அப்புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரத்தால் வளியை அழுத்தி உள்ளே செலுத்தலாம் என்ற கருத்துக்கு அவர் 1905ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்றார். இருபது ஆண்டுகள் கழித்தே அது கப்பலேறியது. இரண்டு ஜெர்மானியப் பிரயாணிகள் கப்பல்களில் 1,750 பரிவலு கொண்ட டீசல் இயந்திரங்கள் அதனால் 2,500 பரிவலுவைத் தந்தன. இதற்கிடையில் 1918இல் சான்போர்ட் மொஸ் என்னும் அமெரிக்கர், விமான இயந்திரம் ஒன்றைக் கொலராடோவிலுள்ள பைக்ஸ் பீக் மலையின் உச்சிக்கு ஏற்றிச் சென்றார். பதினாலாயிரம் அடி உயரத்தில் டர்போ இன்றி 230 பரிவலுவுக்குச் சோர்ந்துபோன அவ்வியந்திரம், டர்போவுடன் கடல்மட்டத்திற் கொண்டிருந்த 350க்குச் சற்று மேலேயே தந்தது. விமானத்துக்கு இது உயிர் போன்றது. பாரமேற்றும் டீசல் லொறிக்கும் மிகத் தகும். நகரத்துக்குள் சந்தைக்குப் போய்வரும் காருக்கு எதற்கு என்று நான் கேட்டேன். “செய்து பார்க்க வேண்டும், சேர்” என்றார் அவர். ஆராய்ச்சியாளர் பலரும் இதைத்தான் வேறு நீண்ட சொற்களாற் சொல்கின்றார்கள்.

பழைய டர்போ ஒன்று கொழும்பு பஞ்சிகாவத்தையிலுள்ள உதிரிப்பாகக் கடையிற் கிடைத்தது. அதனை இயந்திரத்தோடு இணைக்கும் கிளைக்குழாயைச் சாதாரணப் புகைக்குழாய்த் தகட்டினால் செய்யலாகாது. பெற்றோல் இயந்திரத்தின் புகை அவ்விடத்தில் 900 பாகை சதமளவு வரை சூடாகக்கூடும். மெல்லிய தகடு சிவந்து, டர்போவின் பாரம் தாங்காமல் வெடிக்கும். ஆகவே நீராவிக்குப் பயன்படும் தடித்த உருக்கு வளைகுழாய்களை வெட்டி ஒட்டினார். ஒட்டு ஒவ்வொன்றையும் அவர் ஆறவிட்ட பொறுமையை நான் பார்த்திருந்தேன். வகுப்பறையில் அப்பொறுமையை நான் கண்டதில்லை, தேடியதும் இல்லை.

டர்போவின் அச்சு நிமிடத்துக்கு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அது தாங்கியின்மேல் அன்று, எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்தே சுழல்கின்றது. இயந்திரத்திலிருந்து எண்ணெய் மெல்லிய குழாயால் அமுக்கத்தோடு வருகின்றது. திரும்பிச் செல்வதோ தன் பாரத்தால் மட்டுமே. எனவே திரும்பும் குழாய் அகலமாகவும், வழிநெடுகக் கீழ்நோக்கியும் இருத்தல் வேண்டும். முதலில் அவர் வைத்த குழாய் ஓரிடத்தில் விரலளவு மேலே வளைந்திருந்தது. அவ்வளவே! எண்ணெய் தேங்கி, அச்சின் அடைப்பைத் தாண்டிப் புகைக்குழாய்க்குள் இறங்கியது. கராச் முழுவதும் நீலப்புகை. அயலவர் ஓடிவந்து, தீப்பிடித்ததோ என்று கேட்டனர்.

அடுத்தது வெப்பம். வளியை அழுத்தினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்த எவரும் பம்பின் அடியைத் தொட்டு அறிந்திருப்பர். சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கம் கொடுத்தால், 30 பாகையில் உட்சென்ற வளி ஏறத்தாழ 80 பாகையில் வெளிவருகின்றது. சூடான வளி ஐதானது; ஒட்சிசன் குறைந்தது; அன்றியும் உருளைக்குள் கேடு விளைப்பது. ஆதலின் றேடியேற்றர் போன்ற ஒரு குளிரூட்டியை, இன்டர்கூலர் என்பர், முன்புறத்தில் வைத்து வளியை ஆற்றி அனுப்ப வேண்டும்.

அந்தக் கேட்டின் பெயர்தான் தட்டல். முறையாக எரியும் கலவை, பொறி விழுந்த இடத்திலிருந்து தீ பரவி எரியும். அளவுக்கு மீறிய அமுக்கமும் சூடும் இருப்பின், தீ வந்து சேருமுன்பே மீதிக் கலவை தானே ஒருமிக்க வெடித்துவிடுகின்றது. தகரப் பேணிக்குள் சிறுகற்களைக் குலுக்கினாற்போல ஓர் ஒலி கேட்கும். சில கணங்களுக்குள் பிஸ்டன் உடையலாம். அதைத் தவிர்க்கக் கலவையைச் செறிவாக்க வேண்டும். 12 பங்கு வளிக்கு ஒரு பங்கு பெற்றோல் என்ற அளவுக்குக் கொண்டுவர, மிகையான பெற்றோல் உள்ளே ஆவியாகிக் குளிரூட்டும். பொறி விழும் நேரத்தைச் சற்றுப் பிந்தச் செய்ய வேண்டும். எல்லாவற்றிலும் மேலாக, அமுக்கம் எல்லை மீறாமற் காக்க வேண்டும். அக்காவலைச் செய்வது விடுகதவு. டர்போவிலிருந்து ஒரு மெல்லிய றப்பர் குழாய் வழியாக அமுக்கம் வந்து ஒரு தோற்படலத்தைத் தள்ள, அது வில்லை வென்று ஒரு சிறு கதவைத் திறக்கின்றது. புகையில் ஒரு பகுதி சக்கரத்தைச் சுழற்றாமல் விலகிப்போகின்றது.

இங்கேதான் என் குற்றம் வருகின்றது.

அப்பகுதியை வாசித்த நாளிலே எனக்குக் களைப்பு. பாடசாலையில் தவணைப் பரீட்சை. பக்கத்தின் அடியில் ஐந்து வரிகள் இருந்தன. முன்னரே சொன்னதைத் திரும்பச் சொல்வதாக எனக்குத் தோன்றியது. பென்சிலால் ஓரத்தில் ‘விடலாம்’ என்று குறித்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போனேன். முப்பது ஆண்டுகளாகச் சுருக்கி எழுதுதல் கற்பித்தவனுக்கு எது தேவை, எது தேவையில்லை என்பது தெரியாதா என்ன?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, அறுவடை முடிந்த வயல்களினூடாகச் செல்லும் ஆளரவமற்ற நேர்ப்பாதையில் காரை ஓட்டிப் பார்த்தோம். அவர் ஓட்டினார். அமுக்கமானியின் முள்ளைப் பார்த்துச் சொல்வது என் வேலை. எல்லை 7 இறாத்தல். முதல் இரண்டு ஓட்டங்களும் செம்மையாக நடந்தன. பின்னாலிருந்து யாரோ தள்ளுவது போன்ற அந்த உந்தலை ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாக உணர்ந்தேன். மூன்றாவது ஓட்டத்தில் நான் “ஐந்து” என்றேன், “ஏழு” என்றேன், “பத்து, பதின்மூன்று” என்றேன். மாணவர் இடாப்பு வாசிப்பவனைப் போல அமைதியாக வாசித்தேன். அதன் பொருள் எனக்கு உறைக்கவில்லை. அவர் காலை எடுப்பதற்குள் தகரப் பேணியின் ஒலி கேட்டது. பின்பு வேறோர் ஒலி. கண்ணாடியில் பின்னால் வெண்ணீலப் புகை தெரிந்தது.

கயிறு கட்டி இழுத்துவந்து திறந்து பார்த்தார். மூன்றாம் உருளையின் பிஸ்டனில் வளையங்களுக்கு இடைப்பட்ட விளிம்பு உடைந்திருந்தது. விடுகதவுக்குச் செல்லும் றப்பர் குழாய் சூட்டில் இளகிக் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. குழாய் கழன்றால் கதவு திறவாது. கதவு திறவாவிடில் அமுக்கத்துக்கு எல்லை இல்லை.

வீடு வந்து நூலை எடுத்துப் பார்த்தேன். ‘விடலாம்’ என்று நான் குறித்த ஐந்து வரிகள் அவையே. அக்குழாயின் இரு முனைகளையும் கிளிப் இட்டு இறுக்க வேண்டும். அமுக்கம் குறித்த அளவைத் தாண்டினால் பெற்றோலைத் தானே நிறுத்திவிடும்படி கட்டுப்பாட்டுப் பெட்டியை முன்னரே அமைக்க வேண்டும். இவ்வளவுதான். தட்டலைப் பற்றிய முப்பது பக்கங்களையும் அழகாகப் பெயர்த்திருந்தேன்.

மறுநாள் கராச்சுக்குச் சென்று பக்கத்தைக் காட்டினேன். அவர் என் பென்சிற் குறியைச் சிறிதுநேரம் பார்த்தார். “நானும் ஒரு கிளிப் போட்டிருக்க வேண்டும், சேர்” என்றார். பிஸ்டனுக்கும் கஸ்கற்றுக்குமான செலவிற் பாதியை நான் தருவதாகச் சொன்னதை ஏற்கவில்லை. வேறொன்று கேட்டார். நூலை முதலிலிருந்து மறுபடி வாசிக்க வேண்டும். ஒரு வரியும் விடலாகாது.

வாசித்தோம். பெரிய நிறுவனங்களும் இப்பாதையில் இடறியதை அதன்பின் தேடி அறிந்தேன். 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர் என்றொரு டர்போ கார் விற்பனைக்கு வந்தது, 215 பரிவலு. தட்டலைத் தடுப்பதற்காகத் தண்ணீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவத்தை அது உள்ளே தெளித்தது. அத்திரவத்தை அவ்வப்போது ஊற்ற வேண்டும். வாங்கியவர்களிற் பலர் ஊற்றவில்லை. கடைசியில் பல கார்களிலிருந்து டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரணக் காபரேற்றரைப் பூட்டிக்கொடுத்தனர்.

இரண்டாம் முறை எம் எல்லை 5 இறாத்தல். கட்டுப்பாட்டுப் பெட்டியை மடிக்கணினியோடு இணைத்தபோது திரையில் ஓர் அட்டவணை தோன்றியது: பக்கவாட்டில் அமுக்கம் 16 படிகள், மேலே சுற்று வேகம் 16 படிகள், ஆக 256 கட்டங்கள்; ஒவ்வொன்றிலும் பெற்றோலின் அளவு. இது வாய்பாடேயன்றி வேறென்ன! வாய்பாடு வராது என்று நான் தீர்ப்புச் சொன்ன மனிதர் அக்கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பினார். முதலில் வேண்டுமென்றே செறிவாக வைத்து, பொறியைப் பிந்தவிட்டு, சிறிது சிறிதாகக் குறைத்தார். இயந்திரத்தோடு பொருத்திய செப்புக்குழாயிலிருந்து ஒரு றப்பர் குழாயைக் காதுறைக்குக் கொண்டுவந்து, வைத்தியர் நெஞ்சொலி கேட்பதுபோல நான் தட்டலுக்குச் செவிகொடுத்தேன். ஒவ்வோர் ஓட்டத்தின்பின்பும் பிளக்கைக் கழற்றி, உருப்பெருக்கிக் கண்ணாடியாற் பார்ப்பார். வெள்ளைப் பீங்கானில் அலுமினியப் பொட்டுகள் தெரிந்தால் பிஸ்டன் அரிக்கப்படுகின்றது என்பது பொருள். பொட்டு ஒன்றும் தெரியவில்லை. இந்த வேலை ஐந்து கிழமைகள் நீண்டது. வண்டியைக் கட்டியது அதனிலும் குறைந்த காலத்தில்.

மணிக்கு 40 கிலோமீற்றரிலிருந்து 80க்குச் செல்ல முன்னர் ஒன்பது விநாடி எடுத்த கார் இப்பொழுது ஏழு விநாடியில் செல்கின்றது. இரண்டு விநாடிக்காகவா இத்தனையும் என்று என் மனைவி கேட்டார். மறுமொழி சொல்ல முடியவில்லை.

இத்தகைய மாற்றத்தைச் செய்ய எண்ணும் இளைஞர்கள், காப்புறுதிக்காரருக்கு அறிவித்தபின்பே வீதியில் இறங்க வேண்டும். வேகமாக ஓடிவந்தவுடன் இயந்திரத்தை நிறுத்தாமல் ஓரிரு நிமிடம் மெல்ல ஓடவிட்டு நிறுத்த வேண்டும். இன்றேல் டர்போவிலுள்ள எண்ணெய் கருகிக் கட்டியாகிவிடும்.

சென்ற மாதம் அக்கராச்சுக்குப் போயிருந்தேன். எங்கள் சீ.ஆர். கொப்பி எண்ணெய்க்கறை படிந்து ஆணியொன்றில் தொங்குகின்றது. தொழில் பழகும் பையன்கள் அதைப் பார்த்தே வேலை செய்கின்றார்கள். விடுகதவுப் பகுதியில் அந்த ஐந்து வரிகளையும் அவர் சிவப்பு மையில் எழுதியிருந்தார். அருகே பழைய கிளிப் ஒன்று நூலாற் கட்டப்பட்டிருந்தது.