மக்காச்சோளமும் ஒரு சிட்டிகை சுண்ணாம்பும்



மக்காச்சோளம் நமக்குப் புதுசு இல்லை. பெரம்பலூர், திண்டுக்கல் பக்கம் ஏக்கர் கணக்கில் போடுகிறார்கள். விளைந்ததில் பெரும்பங்கு கோழித் தீவனத்துக்குப் போய்விடுகிறது. ஆனால் இதையே மூன்று வேளையும் சாப்பிட்டு வாழ்ந்த நாடுகள் உண்டு. ஒரு நாட்டில் இது உடம்பை வளர்த்தது. இன்னொரு நாட்டில் ஆளையே கொன்றது. காரணம் சமையலில் இருக்குதுங்க.

இதன் பிறந்த வீடு மெக்சிகோ. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஒரு காட்டுப் புல்லிலிருந்து தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து இந்தப் பயிரை உண்டாக்கினார்கள். அந்த நாட்டுப் பெண்கள் மாலையிலேயே காய்ந்த மணியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க அப்படியே ஊறவிடுவார்கள். ஆமாங்க, நாம் வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சுண்ணாம்புதான். சில இடங்களில் அடுப்புச் சாம்பல். காலையில் தேய்த்துக் கழுவினால் மேல்தோல் கழன்று வந்துவிடும். நம்ம அம்மி மாதிரி ஒரு கல்லில் அரைத்தால் மாவு ஒட்டிச் சேர்ந்து வரும். அதைத் தட்டிச் சுட்ட ரொட்டிக்கு டார்ட்டில்லா என்று பெயர். கூடவே பயறு, மிளகாய். மக்காச்சோளத் தட்டையில் பயற்றங்கொடி ஏறும், தரையில் பூசணி படரும்; எல்லாம் ஒரே வயலில்.

1493-ல் கொலம்பஸ் இந்தத் தானியத்தை ஸ்பெயினுக்குக் கொண்டுபோனார். விதை போன கப்பலில் சமையல் பக்குவம் போகவில்லை. அங்கே தண்ணீர் விசையில் ஓடும் மாவு ஆலைகள் இருந்ததால், சுண்ணாம்பில் ஊறவைக்கும் வேலை தேவையாகவும் படவில்லை. பிற்காலத்தில் வட இத்தாலியின் ஏழை உழவர்கள் வேறு கதியில்லாமல் வேளாவேளைக்கு மக்காச்சோளக் களியே தின்றார்கள்.

1735-ல் ஸ்பெயினில் காஸ்பர் காசல் என்ற வைத்தியர் ஒரு நோயைக் கவனித்தார். வெயில் படும் இடமெல்லாம் தோல் கறுத்து வெடிக்கும். கழுத்தைச் சுற்றி மாலை போட்ட மாதிரி தடம். அப்புறம் வயிற்றுப்போக்கு, புத்தித் தடுமாற்றம், கடைசியில் சாவு. இத்தாலியர் வைத்த பெயர் பெலாக்ரா. சொரசொரப்பான தோல் என்று பொருள்.

1900-க்குப் பிறகு அமெரிக்கத் தென் மாநிலங்களிலும் இதே கதை. வாசற்படி வரைக்கும் பருத்தி. வாரத்துக்கு உழுதவனுக்குக் காய்கறி போடத் துண்டு நிலம் இல்லை. சாப்பாடு மக்காச்சோள மாவு, பன்றிக் கொழுப்பு, பாகு. பலரும் தொற்றுநோய் என்றே நம்பினார்கள். ஜோசப் கோல்ட்பர்கர் என்ற டாக்டர் ஒப்பவில்லை. 1915-ல் விடுதலை தருவதாகச் சொல்லி, மிசிசிப்பி சிறைப் பண்ணையில் 11 கைதிகளுக்கு அந்த மாதிரி உணவையே கொடுத்துப் பார்த்தார். 6 பேருக்கு நோய் வந்துவிட்டது. இன்றைக்கு இப்படி ஒரு சோதனையை யாரும் அனுமதிக்க மாட்டார்கள். பிறகு நோயாளியின் ரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். அவருக்கு நோய் தொற்றவில்லை.

குறைவது நியாசின் என்ற வைட்டமின் என்பது 1937-ல் தெரிந்தது. மக்காச்சோளத்தில் அது இல்லாமல் இல்லை. நம் குடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறது. பயறு, கடலை, பால், முட்டை இவற்றின் புரதத்திலிருந்தும் உடம்பு நியாசினைத் தயாரித்துக்கொள்ளும்.

பழங்கதை என்று தள்ளிவிடாதீங்க. மொசாம்பிக் போருக்குத் தப்பி மலாவிக்கு ஓடிவந்த அகதிகளுக்கு மக்காச்சோளத்தோடு நிலக்கடலையும் கொடுத்து வந்தார்கள். கடலை வரத்து தடைப்பட்டது. 1990-ல் சுமார் 18,000 பேரை பெலாக்ரா பிடித்தது.

நம்ம வீடுகளில் எப்போதாவது மக்காச்சோளக் களி கிண்டுகிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை. பருப்பும் கடலையும் சேருகிறதே. மெக்சிகோ முறையைச் செய்து பார்க்க ஆசைப்பட்டால், ஒரு கிலோ காய்ந்த மணிக்கு மூன்று லிட்டர் தண்ணீர், 10 கிராம் சுண்ணாம்பு. முக்கால் மணி நேரம் வேகவைத்து, இரவு ஊறவிட்டு, மூன்று நான்கு தண்ணீரில் நன்றாக அலசி அரைக்கணும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பாக இருக்கட்டும். வெள்ளையடிக்க வாங்கினதைப் போட்டுவிடாதீங்க. அலுமினியப் பாத்திரமும் வேண்டாம், சுண்ணாம்பு அதை அரித்துவிடும். எவர்சில்வர் பாத்திரம் போதும்.