ஒரு வன்தட்டும் இரு வீடுகளும்

எல்லைச் சுவர் நடுவே செல்ல, இருபுறத்து வீட்டாரும் தத்தம் பக்கத்தில் நின்று நீர் இறைத்துக்கொள்ளும் பொதுக் கிணறுகளை நம் ஊர்களில் பலரும் கண்டிருப்பர். கிணறு ஒன்று; உரிமை இருவர்க்கு. கணிப்பொறியில் எழுத்தையும் படத்தையும் சேர்த்து வைக்கும் வன்தட்டு, அதாவது அன்றாடம் ‘ஹார்டு டிஸ்க்’ என்று வழங்கும் கருவி, அவ்வாறு இரண்டு வீடுகளுக்குப் பொதுவாக அமைதல் கூடுமா? இன்று நாம் ஆராயப் புகும் பொருள் இதுவே.

இவ்வினா எம் குடும்பத்திலேயே எழுந்தது. எம் தந்தையார் பெங்களூருத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றியவர். கன்னடச் சொற்களுக்கு நேரான தமிழ்ச் சொற்களைப் பல்லாண்டுகளாகக் குறித்து வந்தார். அக்குறிப்புகளும் குடும்பப் படங்களும் ஒரு வன்தட்டில் ஏற்றப்பட்டன. நாம் வாழ்வது ஜயநகரில். எம் தமக்கையார் வாழ்வது வைட்பீல்டில். இருவருக்கும் அப்பட்டியலை வளர்க்க ஆவல் உண்டு. தட்டோ ஒன்றே.

1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அது கொண்டதோ ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளே. இன்று உள்ளங்கையில் அடங்கும் தட்டு அதைப்போல் பல இலட்சம் மடங்கு கொள்கிறது.  எந்தக் கோப்பு எவ்விடத்தில் உள்ளது, எவ்விடம் வெற்றிடம் என்று காட்டும் கணக்கேடு ஒன்று தட்டிலேயே எழுதப்பட்டிருக்கும். கணிப்பொறி அவ்வேட்டின் பகுதிகளைத் தன் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டே வேலை செய்கிறது.

இடர் தோன்றுவது இங்கேதான். ஒரு கிடங்கிற்கு இரண்டு கணக்கர்கள் இருந்து, ஒருவர் எழுதுவதை மற்றவர் அறியாவிடின் என்ன நேரும்? பத்தாம் அறை வெற்றறை என்று இருவர் ஏட்டிலும் இருக்கும். ஒருவர் அங்கே நெல்லை வைப்பார். மற்றவர் அதன்மேல் உப்பைக் கொட்டுவார். இரண்டு கணிப்பொறிகள் ஒரு தட்டில் நேரே எழுதப் புகுந்தால் விளைவது இதுவே. ஆதலின் வீட்டுப் பயனில் தட்டு ஒரு கணிப்பொறியின் ஆட்சியில் இருத்தல் வேண்டும். மற்றது அதனிடம் கேட்டே பெறவும் எழுதவும் வேண்டும். இவ்வாறு கோப்புகளைப் பகிரும் முறை ஒன்றை 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் வகுத்தனர். வலையில் இணைத்துத் தனியே இயங்கும் சேமிப்புப் பெட்டிகள் இன்று கடைகளிலேயே கிடைக்கின்றன.

ஒரே வீட்டிற்குள் இது எளிது. வீடுகள் இரண்டானால் தொலைவு குறுக்கிடுகிறது. சிவசமுத்திரத்தில் பிறந்த மின்சாரம் 1902-இல் கோலார்த் தங்கவயலை அடைந்தது. 1905-இல் பெங்களூருத் தெருக்களில் விளக்கேற்றியது. ஆனால் மின்சாரம் வீட்டிற்குள் வந்தால் போதும். கோப்போ வரவும் வேண்டும், போகவும் வேண்டும். இணைய இணைப்புகள் பலவற்றில் வரும் வேகத்தினும் போகும் வேகம் குறைவு. நொடிக்கு 10 மெகாபிட் அனுப்பும் இணைப்பின் வழியே ஒரு டெராபைட் முழுவதையும் அனுப்ப ஒன்பது நாளுக்கு மேலாகும். அதே தட்டைப் பையில் இட்டு, ஜயநகரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் தடம் மாறி, அரை நாளுக்குள் வைட்பீல்டில் சேர்த்துவிடலாம். ஆதலின் முதற் சுமையைக் கையில் கொண்டுசென்று, அதன்பின் நாள்தோறும் நேரும் மாற்றங்களை மட்டும் இணையத்தில் அனுப்புவதே அறிவுடைமை.

இன்னொரு தடை முகவரி பற்றியது. பழைய இணைய முகவரி முறையில் உள்ள எண்கள் ஏறத்தாழ 429 கோடியே. அவை போதாமையால், இணைப்பு வழங்குவோர் பலர் ஒரே பொது முகவரியின் பின்னே பல வீடுகளை வைத்துள்ளனர். வெளியிலிருந்து வருவோர்க்கு எந்த வீடு என்று தெரியாது. முகவரி கிடைத்தாலும், கோப்புப் பகிர்வின் கதவை ஊரறியத் திறந்து வைத்தல் தகாது. 2017 மே மாதத்தில் பல நாடுகளை அலைக்கழித்த ‘வான்னாகிரை’ என்னும் தீநிரல் விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த குறையின் வழியாகவே பரவியது. இரு வீட்டார்க்கு மட்டும் உரிய மறையாக்கப் பாதை, அதாவது ‘வி.பி.என்.’, அமைத்துக்கொள்வதே காப்பு.

இத்துணை ஏற்பாடு செய்தும், ஒரு வீட்டில் மின்சாரம் நின்றால் மற்ற வீட்டிற்கும் தட்டு எட்டாது. இதனாலேயே பலர் இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு தட்டை வைத்து, ‘சிங்க்திங்’ போன்ற மென்பொருளால் அவற்றை ஒத்திருக்கச் செய்கின்றனர். இங்கே தமிழர்க்குப் பழகிய சிக்கல் ஒன்று எழுகிறது, அதுவே பாடபேதம். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல இடங்களிலிருந்து பெற்ற ஏடுகளை ஒப்புநோக்க வேண்டியிருந்தது. ஏடுகள் பலவாக இருந்தமையால் நூல் பிழைத்தது. அதனாலேயே பாடங்களும் வேறுபட்டன. ஒரே கோப்பை இருவர் ஒரே வேளையில் திருத்தினால் இன்றும் அதுவே நேரும். நல்ல மென்பொருள் இரண்டு வடிவங்களையும் காத்து வைக்கும். எது சரி என்று முடிவு செய்யாது. அது மனிதர் வேலை.

ஒத்திருக்கச் செய்தல் வேறு, காப்புப்படி வேறு என்பதையும் நேயர்கள் மறத்தலாகாது. ஒரு வீட்டில் தவறி அழித்த கோப்பு மற்ற வீட்டிலும் அழிந்துவிடும். ஆகவே இவ்விணைப்பில் சேராத மூன்றாம் படி ஒன்று தனியே இருத்தல் இன்றியமையாதது. அரசுப் பணியில் உள்ளோர் அலுவலகக் கோப்புகளை இத்தகைய வீட்டு ஏற்பாட்டில் சேர்க்கவே கூடாது.

எம் குடும்பத்தில் முடிவானது இது: இரு வீட்டிலும் ஒவ்வொரு தட்டு, மூன்றாவது பெட்டியில் பூட்டப்பட்டுள்ளது. உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களைத் தமக்கையார் திருத்துவார். மெய்யும் உயிர்மெய்யும் எம் பொறுப்பு. ஐயம் எழுந்தால் தொலைபேசியில் பேசித் தீர்க்கிறோம். தந்தையார் ‘சரிபார்க்க’ என்று குறித்து விட்டுச் சென்ற சொற்கள் இன்னும் பல உள்ளன.