குளத்திற்கு நம் பங்கு



செம்பூர் திலக் நகரிலும், மாதுங்காவிலும், தாராவியிலும் வாழும் தமிழ் மக்கள் ஆனி, ஆடி மாதங்களில் செய்தித்தாளில் ஒரு கணக்கைத் தவறாது பார்ப்பதுண்டு. விகார், துளசி, தான்சா, மோடக் சாகர், மேல் வைதர்ணா, நடு வைதர்ணா, பாட்சா ஆகிய ஏழு நீர்நிலைகளிலும் எவ்வளவு நீர் ஏறியிருக்கிறது என்பதே அக்கணக்கு. அவை நிரம்பாவிடில் குழாய் நீர் குறையும் என்பதை யாவரும் அறிவர். ஆனால் சொந்த ஊர்க் குளம் பெருகியதா, மறுகால் விழுந்ததா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டறிகிறோம்? பட்டா நம் பெயரில் இருக்கிறது. வயல் குத்தகைக்காரர் கையில் இருக்கிறது. குளம் யார் பொறுப்பில் இருக்கிறது? இக்கேள்வியையே இன்று எடுத்துக்கொள்கிறோம்.

மும்பையில் குடியேறிய தமிழரில் பலர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர்கள். அங்கே தாமிரபரணி பாயும் பகுதிக்கு எட்டு அணைக்கட்டுகள் உண்டு. அவற்றால் ஏறத்தாழ 86,000 ஏக்கர் நிலம் கார், பிசானம் என்னும் இரு போகங்களுக்கு நீர் பெறுகிறது. ஆற்று நீர் எட்டாத ஊர்களுக்கோ மழையை நம்பிய குளங்களே கதி. காஞ்சிபுரத்துப் பக்கம் ஏரி, இராமநாதபுரத்துப் பக்கம் கண்மாய், நெல்லையிலே குளம், பெயர்தான் வேறு. தமிழ்நாடு முழுவதும் இத்தகைய பாசன நீர்நிலைகள் சுமார் 39,000 உள்ளன.

மண்ணைக் குவித்துக் கரை போட்டால் மட்டும் குளம் ஆகிவிடாது. நீர் வந்து சேர வரத்துக்கால் வேண்டும். நீரை அளந்து விட மடை வேண்டும். மிஞ்சியதை வெளியேற்ற மறுகால் வேண்டும். ஒரு குளத்தின் மறுகால் நீர் அடுத்த குளத்தின் வரத்தாகும். ஆதலால் மேலூரில் வாய்க்கால் தூர்ந்தால் கீழூரில் நாற்று காயும். இவற்றையெல்லாம் காக்க ஊரார் வகுத்த ஒழுங்கே குடிமராமத்து. நீரை முறை வைத்துப் பாய்ச்சுவதற்குச் சில ஊர்களில் நீர்க்கட்டி என்றும், வேறு சில ஊர்களில் நீர்பாய்ச்சி என்றும் தனியாள் இருந்தார். அவருக்குரிய கூலி அறுவடைக் களத்திலேயே நெல்லாக அளக்கப்பட்டது. முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்றொரு குழு கூறப்படுவதால், இவ்வழக்கத்தின் பழமை விளங்கும்.

பழமை என்பதற்காக எல்லாவற்றையும் போற்ற வேண்டுவதில்லை. மண் சுமந்தவர்களில் பலர் ஒரு சென்ட் நிலமும் இல்லாதவர்கள். முதல் மடை நீர் செல்வாக்குடையோர் வயலுக்கே பாய்ந்த ஊர்களும் பல. அந்த அநீதி மீண்டும் வரலாகாது. ஆயினும் அவ்வொழுங்கில் நாம் கொள்ளத்தக்க ஒரு நெறி இருக்கிறது. 1858-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் இதன் பொருட்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. வழக்கமான மராமத்து வேலைக்கு வரத் தவறியவரிடம் அதற்கீடாகப் பணம் தண்ட அச்சட்டம் இடமளித்தது. உழைப்பைத் தர இயலாதவன் பொருளைத் தர வேண்டும். இரண்டும் தராதவனுக்கு நீரில் உரிமை பேச வாயில்லை.

இந்த ஒழுங்கு தளர்ந்ததற்குக் காரணங்கள் பல. அவற்றுள் பெரியது மின்சார இறைப்பான். 1960-களில் தமிழ்நாட்டுப் பாசனப் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏரி குளங்களை நம்பியிருந்தது. இன்று பாதிக்கு மேற்பட்ட பரப்புக்குக் கிணறுகளே நீர் தருகின்றன. சொந்தக் கிணறும் இறைப்பானும் உடையவர், குளம் எப்படிப் போனால் நமக்கென்ன என்று எண்ணத் தலைப்பட்டார். ஆனால் குளத்தில் நிற்கும் நீர்தானே மண்ணுக்குள் இறங்கிக் கரைக்குக் கீழுள்ள கிணறுகளில் ஊறுகிறது! குளம் வற்றினால் கிணறு இறங்கும். கிணறு இறங்கினால் ஆழ்துளை இன்னும் ஆழமாகும். முடிவில், ஆழத் தோண்டப் பணமில்லாதவன் வயல் முதலில் தரிசாகும்.

மற்றொரு காரணத்தில் வெளியூர் வாழும் நமக்கும் பங்குண்டு. ஓராண்டுக் குத்தகைக்கு உழுபவர், அடுத்த ஆண்டு அந்த வயல் தம்மிடம் இருக்குமோ இராதோ என்றறியாதவர். அவர் வாய்க்கால் தூர் எடுக்கச் செலவிடுவார் என்று எதிர்பார்ப்பது முறையன்று. நிலத்துக்குரியவரோ ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறார். இருவருக்கும் நடுவே குளம் அநாதையாகிறது.

இதற்கு வழியில்லையா? நாம் வாழும் மகாராஷ்டிரத்திலேயே ஓர் ஊர் வழி காட்டியிருக்கிறது. அகமதுநகர் என்று முன்னர் வழங்கிய அகில்யாநகர் மாவட்டத்தில் ஹிவரே பஜார் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே ஆண்டு மழை சராசரியாக 400 மில்லிமீட்டர் அளவே. வறட்சியால் குடும்பங்கள் பல ஊரை விட்டு மும்பைக்கும் புனேக்கும் பிழைக்கப் போயின. 1989-இல் போபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவரானார். ஊரார் சிரமதானமாகக் குன்றுச் சரிவுகளில் வரப்பிட்டு, மழை நீரைத் தேக்கி, மரம் வளர்த்தனர். அதனினும் மேலாக ஒரு கட்டுப்பாட்டை ஏற்றனர். பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது; நீர் மிகுதியாகக் குடிக்கும் கரும்பு கூடாது. ஆண்டுதோறும் மழையையும் கிணற்று நீர்மட்டத்தையும் அளந்து, கிராம சபையில் நீர்க்கணக்குப் போடுகின்றனர். குடிநீருக்கும் கால்நடைக்கும் முதலில் ஒதுக்கி, எஞ்சியதைக் கொண்டு என்ன பயிர் செய்வது என்று முடிவு செய்கின்றனர். பிழைக்கப் போன குடும்பங்கள் பல ஊர் திரும்பின. 2020-இல் பவார் அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அந்தக் கணக்கு நமக்கும் அரிதன்று. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்தால், விழும் நீர் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர். வானம் கொடுப்பது சிறிதன்று. வைத்துக்கொள்ளும் பாத்திரம்தான் ஓட்டையாகக் கிடக்கிறது.

சட்டமும் நமக்கு இடமளிக்கிறது. தமிழ்நாட்டில் 2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம், ஆயக்கட்டில் நிலமுடையோரை நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தின் உறுப்பினராக்குகிறது. 2017-இல் குடிமராமத்து என்னும் பழைய பெயரிலேயே அரசு ஒரு சீரமைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அரசின் பணத்தால் கரை உயரலாம்; ஆண்டுதோறும் வாய்க்காலில் முளைக்கும் செடியைப் பிடுங்க ஊரார்தான் வேண்டும்.

ஆகவே இங்குள்ள நாம் செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்லி முடிப்போம். சித்திரை, வைகாசியில் அம்மன் கொடைக்கு ஊர் செல்கிறோம். அப்போது குளம் வறண்டு, தூர் எடுக்க ஏற்ற நிலையில் இருக்கும். கொடைக்கு வரி தண்டும் ஊர்ச் சங்கங்கள், குளத்துக்கென ஏக்கருக்கு இவ்வளவு என்று நிலமுடையோரிடம் ஒரு தொகை தண்டலாம். அந்தப் பணம் வேலை செய்யும் நிலமற்றோர்க்கு நியாயமான கூலியாகச் சேரட்டும். வண்டல் மண்ணை அதிகாரிகளின் அனுமதி பெற்று வயலில் இடலாம். குத்தகை பேசும்போதே, வாய்க்கால் மராமத்துச் செலவு நிலமுடையவரைச் சேர்ந்தது என்று உறுதி செய்யலாம். இங்கு ஈட்டிய பொருளால் அங்கு வீடு கட்டும்போது, வரத்துக்கால் மேல் கடைக்கால் விழாதபடி பார்த்துக்கொள்ளலாம்.

ஐப்பசி மழை நாம் ஊரில் இருக்கிறோமா என்று பார்த்துப் பெய்வதில்லை. அது வருமுன் மடையும் வாய்க்காலும் ஆயத்தமாக இருக்க வேண்டும். அதற்கான பங்கை வைகாசிக்குள் செலுத்துவோமாக.