திருப்பித் தந்த கொப்பி

(நூற்றாண்டு விழாவில், கணினித் துறையிலுள்ள பழைய மாணவியர் சார்பில் ஆற்றிய உரை)





நாம் எழுதும் செய்நிரலைக் கணினிக்கு விளங்கும் கட்டளைகளாக மாற்றித் தருவது கொம்பைலர். பாடப்புத்தகத்தில் 'தொகுப்பான்' என்று படித்திருப்பீர்கள். அதுவும் மனிதர் எழுதிய மென்பொருள்தான். அதிலும் பிழை இருக்கும். திறந்த மூலமாக வெளியிடப்பட்ட கொம்பைலர் என்றால், அந்தப் பிழையை வெளியாட்களும் திருத்தி அனுப்பலாம். இலங்கையில் உருவான டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் 2017இல் அறிமுகப்படுத்திய பெலரினா மொழியின் கொம்பைலரும் அப்படிப்பட்டதே. சாய்ந்தமருதில் வீட்டிலிருந்தபடியே அதற்கு ஒரு திருத்தம் அனுப்ப முடியும்.

அனுப்புவது இலகு. ஏற்றுக்கொள்ளச் செய்வதுதான் கடினம்.

நாங்கள் முதன்முதலில் ஒரு திறந்த மூல மென்பொருளுக்கு அனுப்பிய திருத்தம் ஏறக்குறைய ஆயிரம் வரி. யாரிடமும் முன்கூட்டிக் கேட்கவில்லை. சோதனை எதுவும் சேர்க்கவில்லை. இருபதுக்கு மேற்பட்ட கேள்விகளோடு அது திரும்பி வந்தது. வகுப்பில் முதலாம் பிள்ளையாக இருந்து பழகிய எங்களுக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது. பதில் எழுதாமலே விட்டுவிட்டோம். சில மாதங்கள் கழித்துப் பார்த்தால், வேறொருவர் அதே பிழையைப் பதினைந்து வரியில் திருத்தி, சோதனையும் சேர்த்து அனுப்பியிருந்தார். அது ஏற்கப்பட்டிருந்தது.

அவர்கள் ஏன் இவ்வளவு கேட்கிறார்கள் என்பது பிறகுதான் விளங்கியது. மருதமுனையில் தறி ஓடும் வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும்: பாவில் ஓர் இழை பிசகினால் துணி முழுக்க அந்தக் கோடு ஓடும். கொம்பைலரும் அப்படித்தான். அதில் நுழையும் பிழை, அதைக் கொண்டு உருவாகும் செய்நிரல்களையெல்லாம் கெடுக்கக்கூடும். எழுதியவர் போய்விடுவார், பராமரிப்பவர்தான் பல வருடம் அந்த வரிகளைச் சுமக்க வேண்டும்.

ஆகவே தங்கச்சிமாரே, பதிவான சிறு பிழையொன்றைத் தெரிவுசெய்யுங்கள். தொடங்குமுன் கேளுங்கள். ஒரு தடவையில் ஒரு விடயத்தை மட்டும் தொடுங்கள். திருத்தத்துக்கு முன் தோற்று, பின் தேறும் ஒரு சோதனையைச் சேருங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதுங்கள். மொழியிலேயே புதிய அம்சம் வேண்டுமென்றால் முதலில் முன்மொழிவை வைத்து விவாதியுங்கள். பைதன், ரஸ்ட் மொழிகளில் அதுவே வழக்கம்.

தவறு எப்போதும் அனுப்புபவர் பக்கமே என்றும் சொல்ல மாட்டோம். புகழ்பெற்ற ஜி.சி.சி. கொம்பைலரில் வெளியாரின் திருத்தங்கள் சேர மிகவும் தாமதமானதால், 1997இல் ஒரு குழுவினர் ஈ.ஜி.சி.எஸ். என்ற பெயரில் பிரிந்தார்கள். 1999இல் அந்தப் பிரிவே அதிகாரபூர்வ ஜி.சி.சி. ஆனது. பதிப்புரிமையைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் 2021இல் நீக்கப்பட்டது. கதவை இறுக்கிச் சாத்தினால் வீட்டுக்காரருக்கும் நட்டம்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒலுவில் பல்கலைக்கழகத்திலும் பிற இடங்களிலும் கணினி படித்துவிட்டு, கலியாணத்தின் பின் சான்றிதழை அலுமாரிக்குள் வைத்துவிட்ட தங்கச்சிமார் நம் ஊர்களில் பலர். ஏற்கப்பட்ட ஒரு திருத்தம் சம்பளம் தராது. ஆனால் உங்கள் பெயரோடு, எல்லோரும் பார்க்கும் இடத்தில் அது நிற்கும். வேலை தேடும்போது காட்டலாம். அனுப்புமுன் வாசித்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் எங்களிடம் தாருங்கள். அதை இந்த நூற்றாண்டில் எங்கள் கடனாக ஏற்கிறோம்.

இந்தப் பாடசாலையில் சிவப்பு மையோடு கொப்பி திரும்பி வந்தபோது நாம் படிப்பை விட்டு ஓடவில்லை. பிழைதிருத்தம் எழுதி மறுநாள் ரீச்சரின் மேசையில் வைத்தோம். இங்கும் செய்ய வேண்டியது அவ்வளவுதான்.