சோலார் போடும் முன் இன்வெர்ட்டரைக் கேட்போம்

மத்திய அரசு 2024-ல் அறிவித்த சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம். மீதிக்குக் குழுவில் கடன் கேட்கிறோம். நல்லதுதான். ஆனால், கரண்ட் போனாலும் விளக்கு எரியும் என்று நம்பி வாங்கலாமா?

ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், லைன் போனதும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாதே! பில்லைக் குறைக்க அது போதும். பில்லே அதிகம் வராத வீட்டுக்கு லாபம் குறைவு.

கரண்ட் கட்டானாலும் விளக்கு எரியணும்னா, பேட்டரி சேர்ந்த ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேணும், செலவு கூடும். ஃபிரிட்ஜ், மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும். அதையும் தாங்குமா என்று கேட்போம்.

கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன், "கரண்ட் போனால் எரியுமா?" என்று கம்பெனிக்காரரிடம் கேட்டு, பதிலை எழுதி வாங்குவோம்.