தலைமன்னார் துறை சொல்லும் பாடம்

(திண்டுக்கல்லில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

இந்தத் திண்டுக்கல் சீமையில் பல வீடுகளில் ஒரு பேச்சு உண்டு: "எங்கள் பாட்டனார் கண்டிக்குப் போனவர்." போனவர் என்ன ஆனார் என்று கேட்டால் பதில் இராது. அவர் கரையேறிய துறையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

இலங்கையின் வடக்கே, மன்னார்த் தீவின் நுனியில், நம் தனுஷ்கோடிக்கு எதிரே இருப்பது தலைமன்னார். நடுவே இருப்பது முப்பது கிலோமீட்டரை ஒட்டிய கடல். இன்று அதன் குறுக்கே இரு நாட்டு எல்லை ஓடுகிறது.

கங்காணியின் கணக்கு

வெள்ளைத் துரைமார் கண்டி மலைகளில் காடழித்துக் காப்பி பயிரிட்டார்கள், பிறகு தேயிலை. உழைக்க ஆள் வேண்டும். இங்கோ நிலமில்லாதவனுக்குப் பஞ்ச காலத்தில் கூழும் கிடையாது. கங்காணி வந்தான், முன்பணம் கொடுத்தான். வழிச்செலவும் சோறும் துணியும் கடன் கணக்கில் ஏறின. வேலையைத் தொடங்கும் முன்பே தொழிலாளி கடனாளி!

தோணியில் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், மாத்தளைக்கு நூறு மைலுக்கு மேல் காட்டு வழியே நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1840களில் மட்டும் எழுபதாயிரம் பேர் மாண்டிருக்கலாம் என்று அக்காலத்துக் கொழும்புப் பத்திரிகையே எழுதியது.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடியும் ரயில். மண்டபம் முகாமில் நோய்ச் சோதனை என்று ஜனங்களை அடைத்து வைத்தார்கள். எண் பொறித்த தகர வில்லையை மாட்டி அனுப்பினார்கள். நடை மிச்சமாயிற்று, கடன் மிச்சமாகவில்லை.

பங்கு போடப்பட்ட மனிதர்கள்

1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் பிரதிநிதிகள் ஏழு பேரை இலங்கைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்குக் கை கொடுத்தார்கள். ஆளும் வர்க்கம் நடுங்கியது. 1948இல் குடியுரிமையைப் பறித்தது, 1949இல் வாக்குரிமையைப் பறித்தது. தேயிலை வேண்டும், தேயிலை பறிப்பவளின் வாக்கு வேண்டாம்!

1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதிப் பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஆட்டு மந்தையைப் பிரிப்பதுபோல மனிதரைப் பிரித்தார்கள். அதே 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது.

மலைநாட்டு மக்கள் ரயிலைக் 'கோச்சி' என்பார்கள். உற்றாரைப் பிரித்துத் தலைமன்னாருக்குக் கொண்டுவந்த ரயிலுக்கு அவர்கள் வைத்த பெயர் 'அழுகைக் கோச்சி'. இங்கே வந்தவர்களுக்கு வாழ்வு கிடைத்ததா? நம் கொடைக்கானல் மலையிலேயே பல குடும்பங்கள் மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர்களின் முன்பணத்தில் சிக்கிக் கொத்தடிமைகளாயின. அங்கே கங்காணி, இங்கே ஒப்பந்தக்காரன். கணக்குப் புத்தகம் ஒன்றுதான்!

இன்று நமக்கு என்ன?

யுத்தத்தால் 1984இல் கப்பல் நின்றது. 1990இல் தலைமன்னார் ரயிலும் நின்றது. 2015இல் ரயில் மீண்டும் ஓடியது. 2023இல் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, முன்னோர் நடந்த அதே வழியில் நடந்து உரிமை கேட்டார்கள்.

தோழர்களே! இன்று வேடசந்தூர்ப் பக்கத்து மில்களுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தொழிலாளர்கள் வருகிறார்கள். அவர்களையும் ஒரு ஏஜெண்டு அழைத்து வருகிறான். அவர்கள் கூலியிலும் ஒரு கை நுழைகிறது. "இவர்கள் வந்ததால்தான் நம் கூலி குறைந்தது" என்று சிலர் நம் காதில் ஓதுகிறார்கள். கூலியைக் குறைத்தது யார்? ரயிலில் மூட்டையோடு வந்திறங்கியவனா, மில்லுக்குச் சொந்தக்காரனா?

நம் பாட்டனாரை அக்கரையில் 'கள்ளத்தோணி' என்று ஏசினார்கள். அந்த வசவின் வலி தெரிந்த நாம், இன்னொரு தொழிலாளியை 'வடக்கன்' என்று ஏசலாமா? நாளைக் காலை ஷிப்டில் உங்கள் பக்கத்து மிஷினில் நிற்பவனிடம் பேசுங்கள். பாஷை தெரியாவிட்டால் கூலிச் சீட்டைக் காட்டுங்கள். அந்தப் பாஷை அவனுக்குப் புரியும். அவனைச் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று சேர்ந்து கேட்போம்!