காளைப் பெட்டிக்குப் பக்கத்துப் பெட்டி



கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி தேர்தலில் நின்றவனல்ல. அவன் கையிலிருந்து இந்த மலை போக, காரி என்ற இன்னொரு மன்னன் வந்து அவனைக் கொல்ல வேண்டியிருந்தது. ஆட்சியை மாற்ற நமக்கு ஒரு ஓட்டு போதும். ஆனால் ஒரே கட்சி அசையாமல் உட்கார்ந்திருக்கும் காலத்தில் அந்த ஓட்டுக்கு என்ன மதிப்பு? 1957 தேர்தலுக்குப் போய்ப் பார்ப்போம்.

காமராஜர் 1954-இல் சென்னை மாநில முதலமைச்சரானது காங்கிரஸ் கட்சிக்குள் நடந்த போட்டியில் சி. சுப்பிரமணியத்தை வென்று. மாநிலம் முழுக்க ஓட்டுக் கேட்டு மறுபடி நாற்காலிக்கு வந்தது 1957-இல். டில்லியிலும் காங்கிரஸ், கேரளம் போன்ற ஓரிரு இடம் தவிர எங்கும் காங்கிரஸ்.

அப்போது வாக்குச் சீட்டில் முத்திரை குத்துகிற வேலை இல்லை. மறைப்புக்குப் பின்னால் வேட்பாளருக்கு ஒரு பெட்டி வீதம் வரிசையாக வைத்திருப்பார்கள். மேலே சின்னம் ஒட்டியிருக்கும். காங்கிரஸ் பெட்டியில் நுகம் பூட்டிய இரட்டைக் காளை. பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரலாம்.

எண்ணினார்கள். 205 இடங்களில் காங்கிரசுக்கு 151. பிரமாண்ட வெற்றி! ஆனால் ஓட்டு நூற்றுக்கு 45தான். பாதிக்கு மேலான சீட்டுகள் பக்கத்துப் பெட்டிகளில் கிடந்தன. பல பெட்டிகளில் சிதறிக் கிடந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

இங்கே மட்டுமல்ல, மெக்சிகோவிலும் ஒரே கட்சி 1929 முதல் 2000 வரை ஆண்டது. அங்கே மாநிலக் கவர்னரை மக்கள் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு முறை இருந்தவர் மறுபடி நிற்கக் கூடாது. ஆள் மாறுவார், கட்சி மாறாது.  

இங்கே 1962-இல் காமராஜர் மறுபடியும் ஜெயித்தார். காங்கிரஸ் ஓட்டு 46 சதவீதமாக ஏறியது. இடமோ 139-க்கு இறங்கியது. தி.மு.க. 50 இடத்துக்கு ஏறியது. சிதறிய சீட்டுகள் ஒரு பக்கம் சேர ஆரம்பித்துவிட்டன. இதைக் காமராஜர் கவனிக்காமல் இருந்திருப்பாரா? இருந்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம். 1963 அக்டோபர் 2-இல் பதவியை விட்டுவிட்டுக் கட்சி வேலைக்குப் போனார்.

போயும் என்ன? 1967-இல் காங்கிரசுக்குத் தி.மு.க.வைவிடக் கொஞ்சம் கூடுதல் ஓட்டு. ஆனால் கூட்டணி கட்டிய தி.மு.க.வுக்கு 137 இடம், காங்கிரசுக்கு ஐம்பது சொச்சம். காமராஜரே விருதுநகரில் 1,285 ஓட்டில் தோற்றார். ஜெயித்தவர் மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசன். அங்கே யாரும் வில் எடுக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் எண்ணினார்கள்.